குழந்தைகளுக்கு மழைக்காடுகளைக் கற்பித்தல்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழைக்காடுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முற்படும் ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஆனைமலையையும் அதன் மேலுள்ள வால்பாறைப் பீடபூமியையும் சார்ந்தவை. மழைக்காடு அழிந்த கதையும் அதை மீட்டெடுக்கும் முயற்சியும் அங்கே ஒரே சாலையின் இருபுறமும் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே அந்தத் தேர்வுக்குக் காரணம்.

மழைக்காடு என்றால் என்னவென்று சிறு பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, வறண்ட மாதங்கள் குறைவாக இருந்து, மரங்கள் ஒரே சமயத்தில் இலையுதிர்க்காமல் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் காடு என்பது பெரியவர்களுக்கான வரையறை. சென்னை ஆண்டொன்றுக்குப் பெறும் மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே பெய்துவிடுகிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறோ தமிழகத்திலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இந்த ஒப்பீட்டை வரைபடத்தோடு காட்டினால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள்.

சிறுவர்களுக்குக் காட்டின் அடுக்குகளிலிருந்து தொடங்குவது எளிது. எல்லாவற்றுக்கும் மேலே தலைநீட்டி நிற்கும் ஓரிரு பெருமரங்கள், அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று கிளை கோத்து வானத்தை மறைக்கும் விதானம், அதன் நிழலில் வளரும் சிறு மரங்கள், இறுதியாக வெயில் அரிதாகவே வந்து சேரும் தரை என ஒவ்வோர் அடுக்கிலும் வெவ்வேறு உயிர்கள் குடியிருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பை அறிந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

பாடப்புத்தகங்களைப் போல அமேசானிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அமேசானிலிருந்து தொடங்கும் பிள்ளை, மழைக்காடு என்பது கடல் கடந்து எங்கோ இருக்கும் ஒன்று என்றும், அதைக் காப்பதும் அழிப்பதும் வேறு யாரோ செய்யும் வேலை என்றும் எண்ணிக்கொள்கிறது. ஆனால் தமிழ்நாட்டிலேயே ஆனைமலை, மேகமலை, களக்காடு, அகத்தியமலை, நீலகிரியின் மழை மிகுந்த சரிவுகள் ஆகிய இடங்களில் மழைக்காடுகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை யுனெஸ்கோ 2012-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்தக் காட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள உறவைச் சமையலறையிலிருந்தே காட்டலாம். ரசத்தில் போடும் மிளகு, பாயசத்தில் போடும் ஏலக்காய், கோடையில் உண்ணும் பலா ஆகிய மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளைத் தாயகமாகக் கொண்டவை. மிளகுக்கொடி இன்றும் அங்கே காட்டுமரங்களைப் பற்றிக்கொண்டு தானாக ஏறுகிறது. அடுத்தபடியாகத் தண்ணீரைச் சொல்லலாம். பொதிகையின் மழைக்காடுகளில் பிறக்கும் தாமிரபரணி ஆண்டு முழுவதும் ஓடித் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு நீர் தருகிறது. ஆனைமலையில் பெய்யும் மழை பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியே கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் போய்ச் சேருகிறது. திருநெல்வேலிப் பிள்ளைக்குப் பொதிகையிலிருந்தும், இலங்கைப் பிள்ளைக்குச் சிங்கராஜக் காட்டிலிருந்தும், மலேசியப் பிள்ளைக்குத் தமான் நெகாராவிலிருந்தும் பாடத்தைத் தொடங்கிவிட்டு, அமேசானையும் காங்கோவையும் பின்னர் சொன்னால் அவற்றின் பரப்பும் அருமையும் அவர்களுக்குத் தாமாகவே விளங்கும்.

மழைக்காடுகள் உலகின் நுரையீரல் என்றும், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் தருகிறது என்றும் சொல்லிக்கொடுக்கலாமா?

இதைச் சொல்லாமல் விடுவது நல்லது. மழைக்காடு ஏராளமான ஆக்சிஜனை உருவாக்குவது உண்மைதான். ஆனால் இரவும் பகலும் சுவாசிக்கும் அதே மரங்களும், உதிர்ந்த இலைகளை மட்கச் செய்யும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் ஏறக்குறைய அதே அளவு ஆக்சிஜனைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. காற்றில் இன்றிருக்கும் ஆக்சிஜன் பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பு. காடு அழிந்தால் நாளையே மூச்சு முட்டும் என்று அச்சுறுத்தப்பட்ட பிள்ளை, வளர்ந்தபின் அது சரியல்ல என்று அறியும்போது, நாம் சொன்ன மற்ற உண்மைகளையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்கும்.

உண்மையான காரணங்களே போதிய வலிமை உடையவை. மழைக்காடுகள் தம் மரங்களிலும் மண்ணிலும் பெருமளவு கரிமத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன; வெட்டி எரித்தால் அது கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்து புவியைச் சூடாக்குகிறது. அமேசானின் மரங்கள் இலைகளின் வழியே வெளிவிடும் நீராவி காற்றோடு பயணித்துத் தென் அமெரிக்காவின் தொலைவான பகுதிகளுக்கும் மழையாகிறது. மேலும், புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 6 சதவீதத்தில் மட்டுமே இருக்கும் மழைக்காடுகளில் உலகின் தாவர, விலங்கினங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாழ்கின்றன என்று அறிவியலாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

எந்த உயிரினத்தைக் கொண்டு பாடத்தைத் தொடங்குவது?

புலியும் யானையும் பிள்ளைகளை எளிதில் ஈர்க்கும் என்றாலும், மழைக்காட்டின் இயல்பை விளக்க இருவாச்சிப் பறவையைப் போன்ற ஆசிரியர் வேறு இல்லை. மஞ்சள் அலகின் மேல் கொண்டை போன்ற ஓர் அமைப்பைச் சுமந்து, இறக்கைகளால் பேரொலி எழுப்பிக்கொண்டு பறக்கும் மலை இருவாச்சியின் படத்தை ஒருமுறை பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை. அதன் இனப்பெருக்கம் அதைவிட வியப்பூட்டுவது. பெண் பறவை பெரிய மரமொன்றின் பொந்துக்குள் நுழைந்து, தன் எச்சத்தையும் உணவு மிச்சங்களையும் கொண்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. எஞ்சும் சிறு பிளவின் வழியே ஆண் பறவை மாதக்கணக்கில் நாள்தோறும் பழங்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஊட்டுகிறது. அந்த நாட்களில் ஆண் பறவை வேட்டைக்குப் பலியானால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும்கூடப் பிழைப்பது அரிது.

இந்தக் கதையிலிருந்து கேள்விகள் தாமாகவே கிளைக்கும். இருவாச்சியால் தன் அலகால் பொந்து குடைய முடியாது. இயற்கையாகப் பொந்து விழுந்த முதிய மரம்தான் அதற்கு வேண்டும். எனவே இன்று நடப்படும் ஆயிரம் கன்றுகள்கூட, இன்று வெட்டப்படும் ஒரு முதுமரத்துக்கு ஈடாவதில்லை. அது விரும்பி உண்பவை அத்திப்பழங்கள். காட்டில் வேறு பழங்கள் கிடைக்காத காலத்திலும் ஏதேனும் ஓர் அத்திமரம் பழுத்திருக்கும். அத்தியின் பூக்கள் பழம் போலத் தோன்றும் குடுவைக்குள் மறைந்திருப்பதால், கடுகளவே உள்ள குளவி ஒன்று உள்ளே புகுந்தால்தான் மகரந்தம் சேரும். பெரும்பாலான அத்தி இனங்களுக்கு அவற்றுக்கே உரிய குளவி இனம் உண்டு. பழத்தை விழுங்கிய இருவாச்சி விதைகளைத் தொலைவில் கொண்டுபோய் இடுகிறது. அங்கே புதிய மரம் முளைக்கிறது. குளவி, அத்தி, பறவை, முதிய மரம் என்னும் இந்த நான்கையும் கயிற்றால் இணைத்து, பிள்ளைகளையே அவற்றின் இடத்தில் நிற்கவைத்து, ஒருவரை விலகச் சொல்லி என்ன ஆகிறது என்று பார்க்கும் விளையாட்டு எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நன்றாக எடுபடுகிறது.

இரண்டாவதாகச் சிங்கவால் குரங்கைச் சொல்லலாம். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இக்குரங்கு விதானத்திலேயே வாழ்வது. தொடர்ச்சியான கிளைகள் இல்லாத இடத்தில் மட்டுமே தரைக்கு இறங்க நேர்கிறது. வால்பாறையின் புதுத்தோட்டம் பகுதியில் காடு துண்டாகிப்போனதால் இவை சாலையைக் கடந்து ஊருக்குள்ளும் வருகின்றன; வாகனங்களில் அடிபட்டும் இறந்திருக்கின்றன. சாலையின் இருபுறத்து மரங்களையும் இணைத்துக் கட்டப்பட்ட தொங்கு பாலங்களை அவை பயன்படுத்துகின்றன. சுற்றுலா வருவோர் பிஸ்கட்டும் சிப்ஸும் எறிவது அவற்றைச் சாலைக்கு இழுத்து வந்து கொல்வதற்குச் சமம் என்பதைப் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லலாம். பெற்றோரின் கையைப் பிடித்துத் தடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களாகவே இருப்பார்கள்.

உயர்நிலை வகுப்பினருக்கு 2003-இல் அறிவியல் பெயர் பெற்ற ஊதாநிறத் தவளையைப் பற்றிச் சொல்லுங்கள். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு மழை தொடங்கும்போது சில நாட்களுக்கு மட்டும் இனப்பெருக்கத்துக்காக மேலே வரும் இத்தவளையின் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. கண்டங்கள் பிரிந்து நகர்ந்த வரலாற்றுக்கு உயிருள்ள சான்று அது.

இவ்வளவு செழிப்பான காட்டின் மண் வளமானதாகத்தானே இருக்கும்?

பெரும்பாலான மழைக்காடுகளில் அப்படி இல்லை. சத்துகளில் பெரும்பங்கு உயிருள்ள மரங்களிலேயே இருக்கிறது. விழுந்த இலையைக் கறையான்களும் பூஞ்சைகளும் விரைவில் சிதைக்க, மேலோட்டமாகப் பரவியிருக்கும் வேர்கள் அச்சத்துகளை உடனே உறிஞ்சிவிடுகின்றன. மரங்களை அகற்றினால் கனமழை மேல்மண்ணைக் கழுவிச் செல்கிறது. இரண்டு தட்டுகளில் மண்ணை நிரப்பி, ஒன்றை இலைச்சருகால் மூடி, இரண்டையும் சாய்த்து வைத்து நீர் ஊற்றினால், வடியும் நீரின் நிறமே பாடத்தை நடத்திவிடும்.

காடழிப்பைப் பற்றிச் சிறு குழந்தைகளிடம் பேசலாமா?

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அழிவைப் பற்றிப் பேச எந்த அவசரமும் இல்லை. எரியும் காடும் தாயை இழந்த ஒராங்குட்டானும் காட்டப்படும் குழந்தைக்கு, தன்னால் எதையும் செய்ய இயலாத துயரம் மட்டுமே மிஞ்சும். பிறகு அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த வயதில் வேண்டியவை பெயர்களும் ஓசைகளும் நெருக்கமும்தான். நத்தையின் பாதையைப் பின்தொடர்வது, ஒரே மரத்தை மாதந்தோறும் சென்று பார்ப்பது, குயிலையும் செண்பகத்தையும் குரலால் அடையாளம் காண்பது ஆகியவை மழைக்காட்டுப் பாடத்தின் முதல் வகுப்புகளே.

எட்டு முதல் பதினொரு வயது வரை, எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதில் பிள்ளைகள் ஆர்வம் கொள்கிறார்கள். காடு துண்டாவதை அப்போது சொல்லலாம். ஆனால் தொங்கு பாலத்தையும், காட்டுமரக் கன்றுகளை வளர்க்கும் நாற்றங்காலையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுக்குப் பின் காரணங்களை மறைப்பதுதான் தவறு. மரவணிகம், தோட்டப்பயிர், அணை, சாலை, சுரங்கம், கால்நடை மேய்ச்சல், அவற்றால் பயன்பெறுவோர், இழப்பைச் சுமப்போர் என எல்லாவற்றையும் அவர்கள் விவாதிக்க இயலும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், காடுகளையும் உயிரினங்களையும் பேணுவதைக் குடிமக்களின் கடமையாக்கும் அரசியலமைப்பின் 51அ பிரிவும் குடிமையியல் பாடத்தோடு இயல்பாகவே சேர்ந்துவிடும்.

தேயிலைத் தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளிடம், அத்தோட்டங்கள் காட்டை அழித்து உருவானவை என்று எப்படிச் சொல்வது?

வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கையின் மலையகத்திலும் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது மிகக் கூர்மையான கேள்வி. வரலாற்றை அப்படியே சொல்வதுதான் சரியான வழி. வால்பாறைப் பீடபூமியின் மழைக்காடு 1890-களுக்குப் பின் சில பத்தாண்டுகளில், பிரித்தானிய ஆட்சியில், முதலில் காப்பிக்காகவும் பிறகு பெருமளவில் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டது. வெட்டியும் நட்டும் கொழுந்து பறித்தும் உழைத்தவர்கள் பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டுக் கங்காணிகள் வழியே சமவெளியிலிருந்து மலையேறிய ஏழைகள். குளிரிலும் காய்ச்சலிலும் அவர்கள் பட்ட துன்பமும் காட்டின் வரலாற்றில் அடங்கும். எந்தக் காட்டை எந்தப் பயிருக்காக வெட்டுவது என்ற முடிவு அவர்களுடையது அல்ல. லைன் வீட்டில் வளரும் பிள்ளை தன் பாட்டியைக் குற்றவாளியாகக் காணும்படி ஒரு பாடம் அமைந்துவிட்டால், அந்தப் பாடம் உண்மையையும் இழந்துவிட்டது, பிள்ளையையும் இழந்துவிட்டது.

மேலும், காட்டு விலங்குகளோடு அன்றாடம் வாழ்பவர்கள் இப்பிள்ளைகளே. அரிசியைத் தேடி வரும் யானைகள் ரேஷன் கடையையும் சத்துணவுக்கூடத்தையும் உடைப்பதை அவர்கள் அறிவார்கள். மாலையில் சிறுத்தைக்கு அஞ்சி நடப்பதும் அவர்களுக்குத் தெரியும். யானைகள் இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாலும், கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளாலும் முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடு வால்பாறையில் உயிரிழப்புகளைக் குறைக்க உதவியிருக்கிறது. இப்பிள்ளைகளின் அனுபவத்தை வகுப்பில் பேசவிடுவதும், நகரத்துப் பள்ளிகளோடு கடிதப் பரிமாற்றம் செய்யவைப்பதும் மிகுந்த பயன் தரும். யானையைப் படத்தில் மட்டும் கண்டு நேசிப்பவர்கள், அதன் பாதையில் வீடு வைத்திருப்பவர்களின் சொல்லைக் கேட்டாக வேண்டும்.

காட்டில் வாழும் பழங்குடிகளைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்?

ஆனைமலைக் காடர்கள் தேனெடுப்பதிலும், காட்டுமரங்களையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் அறிவதிலும் ஈடற்றவர்கள். அகத்தியமலையின் காணிக்காரர்கள் களைப்பு நீங்க உண்ணும் ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையை ஆய்வாளர்களுக்குக் காட்டியதும், அதிலிருந்து உருவான மருந்தின் வருவாயில் அவர்களுக்கும் பங்கு தரப்பட்டதும் உலக அளவில் பேசப்பட்ட முன்மாதிரி. பழங்குடிகளைப் பழங்கால மனிதர்களாகக் காட்டும் படங்களைத் தவிருங்கள். அவர்கள் இன்று பள்ளிக்குச் செல்பவர்கள், வனத்துறையில் பணிபுரிபவர்கள், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ்த் தம் நிலத்துக்கு உரிமை கோருபவர்கள்.

பள்ளியில் மரம் நடும் விழா நடத்தினால் மழைக்காட்டைக் காத்ததாகுமா?

ஆகாது, ஆனாலும் சரியாகச் செய்தால் அது நல்ல பாடமாகும். சமவெளிப் பள்ளியில் புங்கம், வேம்பு, நாவல், அத்தி போன்ற அந்நிலத்துக்குரிய மரங்களை நட்டு, அடுத்த மூன்று கோடைகளிலும் நீர் ஊற்றுங்கள். எங்கும் எதையும் நடலாம் என்ற எண்ணத்தால் விளைந்த கேட்டுக்கு நீலகிரியும் கொடைக்கானலும் சான்று. அங்கே சோலைகளுக்கு இடையில் இயற்கையாக இருந்த புல்வெளிகளில், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் நடப்பட்டு, பெரும் பரப்பு புல்வெளி மறைந்தது. அதுபோலவே, தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் வரிசைகளைக் காடு என்று எண்ணும் பிள்ளைகளுக்கு, அம்மரம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதையும் அதில் இருவாச்சிக்கு ஒரு பழம்கூட இல்லை என்பதையும் காட்ட வேண்டும்.

மழைக்காட்டை மீட்பது எப்படி என்பதற்கு வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு, தேயிலை நிறுவனங்களின் ஒத்துழைப்போடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் பணியைக் காட்டலாம். சாலையோரங்களில் விழுந்து வீணாகும் காட்டுமர விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை வளர்த்து, சிதைந்த காட்டுத்துண்டுகளில் மண்டியிருக்கும் உண்ணிச்செடியை அகற்றி, அங்கே பல இனக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். அப்படியே விடப்பட்ட இடங்களைவிட நட்டுப் பேணிய இடங்களில் காடு விரைவாகத் தேறிவருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் அது பழைய மழைக்காட்டுக்கு இணையாக வேண்டுமானால் இன்னும் பல தலைமுறைகள் ஆகலாம். இருக்கும் காட்டை வெட்டாமல் விடுவதே முதல் வேலை என்பதை மாணவர்கள் இந்தக் கணக்கிலிருந்தே கண்டுகொள்வார்கள்.

மழைக்காட்டுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தைத் தவிர்த்து, மழை ஓய்ந்தபின் செல்லுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளதால் காலை உணவை அளவாகக் கொடுங்கள். பெரிய கூட்டமாகச் சென்றால் எதையும் காண இயலாது. பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பாட்டும் ஒலிபெருக்கியும் இல்லாமல், மெதுவாக நடக்கச் செய்யுங்கள். ஓரிடத்தில் கண்மூடி அமர்ந்து கேட்ட ஓசைகளை மட்டும் எழுதச் சொல்வது, விலங்குகளைத் தேடி ஓடுவதைவிடப் பயனுள்ளது.

அட்டைகளைப் பற்றிப் பெற்றோர் மிகவும் அஞ்சுகிறார்கள். அட்டைக்கடி வலிப்பதில்லை, அதன் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால் சிறிது நேரம் இரத்தம் கசியும், அவ்வளவுதான். நீண்ட காலுறையும், பிடுங்கி எறியாமல் நகத்தால் மெல்ல நகர்த்தும் பழக்கமும் போதும். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது யானைகளிடம். எனவே உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் காட்டுப்பாதையில் இறங்கவே கூடாது.

நேரில் செல்ல வாய்ப்பில்லாத பள்ளிகள் என்ன செய்யலாம்?

பள்ளிக்கு அருகிலுள்ள ஆலமரமோ அரசமரமோ போதும். இரண்டும் அத்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அது பழுக்கும் நாட்களில் வந்துபோகும் பறவைகள், அணில்கள், வௌவால்கள் ஆகியவற்றைப் பிள்ளைகள் பதிவு செய்தால் இருவாச்சியின் கதையே சிறிய அளவில் கண்முன் நடக்கும். கோவையைச் சுற்றியுள்ள பள்ளிகள் காஸ் வன அருங்காட்சியகத்துக்கும் சென்று வரலாம்.

பாமாயில் கலந்த பொருள்களை வாங்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா?

இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் மழைக்காடுகள் பெருமளவில் அழிந்ததற்குப் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள் ஒரு முக்கியக் காரணம். ஆயினும் ஒரே அளவு நிலத்தில் மற்ற எண்ணெய்ப் பயிர்களைவிடச் செம்பனை பல மடங்கு எண்ணெய் தருகிறது. அதைக் கைவிட்டால் வேறொரு பயிர் இன்னும் அதிக நிலத்தைக் கேட்கும். நம் நாட்டில் பாமாயில் ரேஷன் கடையில் ஏழைகள் வாங்கும் எண்ணெய் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதை வாங்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் தலைகுனியும்படி பேசாதீர்கள். பிஸ்கட், சோப்பு உறைகளில் உள்ள மூலப்பொருள்களைப் படிக்கச் சொல்லி, காட்டை அழிக்காமல் அதை விளைவிக்க என்னென்ன விதிகள் வேண்டும் என்று மூத்த மாணவர்களை விவாதிக்கச் செய்வதே போதுமானது.

குழந்தைகளின் முயற்சியால் ஒரு மழைக்காடு காப்பாற்றப்பட்டது உண்டா?

உண்டு. 1987-இல் சுவீடனின் சிறிய கிராமப் பள்ளி ஒன்றில், கோஸ்டா ரிகாவின் மொன்டேவெர்டே காட்டைப் பற்றிக் கேட்டறிந்த மாணவர்கள் அந்தக் காட்டை விலைக்கு வாங்கிக் காப்பதற்காகப் பணம் திரட்டத் தொடங்கினார்கள். அம்முயற்சியில் 44 நாடுகளின் பிள்ளைகள் இணைந்தனர். 'குழந்தைகளின் நிலையான மழைக்காடு' என்ற பெயரில் அது இன்று 22,000 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பில் பாதுகாக்கப்படுகிறது.

நம் அருகிலேயே அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. நீலகிரியை ஒட்டிய பாலக்காட்டு மலையில் குந்திப்புழையின் குறுக்கே திட்டமிடப்பட்ட நீர்மின் அணையால் மழைக்காடு மூழ்கவிருந்தபோது, 1970-களின் இறுதியில் ஆசிரியர்களும் கவிஞர்களும் அறிவியலாளர்களும் மாணவர்களும் எதிர்த்து நின்றார்கள். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அறிவியல் பரப்பும் இயக்கம் ஊர் ஊராகச் சென்று விளக்கியது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மின்சாரம் வேண்டும் என்ற நியாயமான தேவையும் அன்று எதிர்த்தரப்பில் இருந்தது என்பதால், இதை இரு அணிகளின் வாதமாக வகுப்பில் நடத்துவது சிறப்பு.

பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்பதை எப்படி அறிவது?

விலங்குகளின் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்கச் செய்வதால் எதுவும் தெரியவராது. பாடத்துக்கு முன்பும் பின்பும் மழைக்காட்டை வரையச் சொல்லி இரண்டு படங்களையும் அருகருகே வையுங்கள். முதல் படத்தில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் தனித்தனியே நிற்கும். இரண்டாவதில் கிளைகள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா, தரையில் சருகு இருக்கிறதா, மனிதர்கள் எங்காவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு, "இந்தப் படத்திலிருந்து ஓர் அத்திமரத்தை அழித்துவிட்டால் வேறு எவற்றை அழிக்க வேண்டியிருக்கும்?" என்று கேட்டு, பிள்ளை ரப்பரை எதன்மேல் வைக்கிறது, ஏன் வைக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.